நியூ ஜெர்சியில் பின்கட்டில் மழைத்தண்ணீர் தேங்கும் மூலை இருக்கிறது. பட்டாம்பூச்சி வருகிற மாதிரி அங்கே என்ன பூச்செடி வைக்கலாம்?

மண்ணைக் கொட்டி மேடாக்கிவிடாதீர்கள், அந்த மூலைக்கென்றே இருக்கிறது ஸ்வாம்ப் மில்க்வீட். எங்கள் வீட்டிலும் கூரைத் தண்ணீர்க் குழாய் இறங்கும் இடம் வெறும் களிமண், மழை விட்டு இரண்டு நாளானாலும் சொதசொதவென்று கிடக்கும். லாவெண்டர் வைத்துப் பார்த்தேன், வேர் அழுகிச் செத்தது. ஸ்வாம்ப் மில்க்வீடோ ஆற்றோரத்திலும் சதுப்பிலும் தானாக வளர்கிற இந்த மண்ணின் செடி, ஈரம் பிடிக்கும். வெயில் மட்டும் ஆறு மணி நேரமாவது வேண்டும். மூன்று நாலு அடி வளரும், ஜூலை வாக்கில் ரோஸ் நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூக்கும்.

நம்ம ஊர் எருக்குக்குச் சொந்தம்தான். இலையைக் கிள்ளினால் அதே பால் (கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்), காய் வெடித்தால் அதே பஞ்சு. எருக்கில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடுகிற மாதிரி, இதில் மோனார்க் பட்டாம்பூச்சி வந்து இடும்.

விதை குளிர் பட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். ஈர டிஷ்யூவில் மடித்து ஒரு மாதம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். நான் வைத்ததை, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஏதோ குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டார். அப்புறம் நவம்பரில் நேராக மண்ணிலேயே தூவிவிட்டேன், பனி பார்த்துக்கொண்டது. முதல் வருஷம் பூவை எதிர்பார்க்காதீர்கள்.

குளிர்காலத்தில் தண்டு காய்ந்துவிடும், வேர் உயிரோடு இருக்கும். வசந்தத்தில் மற்றதெல்லாம் துளிர்த்த பிறகுதான் இது மெதுவாக எழுந்து வரும். அது தெரியாமல் ஏப்ரலில் ஒரு செடியைச் செத்துவிட்டது என்று தோண்டினேன், மண்ணுக்குள் விரல் நீளத்துக்கு வெளுத்த முளைகள் மண்வெட்டியில் பட்டு முறிந்தன. மே கடைசி வரை அந்த இடத்தில் கை வைக்காதீர்கள்.

கோடையில் நுனித்தண்டு முழுக்க மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பும், அரளியில் வருமே, அதேதான். மருந்து கூடவே கூடாது, வேப்பெண்ணெயும் வேண்டாம், மோனார்க் புழுவும் சேர்ந்து போய்விடும். முதலில் இலையின் அடியில் குண்டூசித் தலை அளவு வெளிர் முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஹோஸால் தண்ணீர் பீய்ச்சினால் போதும். புழுக்கள் இலையை மொட்டையடித்தால் பதறவேண்டாம், அதற்குத்தானே வைத்தோம், செடி திரும்பத் துளிர்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு செடி பத்தாது, குறைந்தது நாலு வையுங்கள்.

செடியாக வாங்குவதென்றால் பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று நர்சரியில் கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் வாங்கிய ஒன்றில் ஏறிய ஐந்து புழுவும் இரண்டே நாளில் செத்துப்போயின.