குன்னூர் மேட்டுக்குக் கடல்நீர் ஏறுமா?

கேள்வி: குன்னூரில் எங்கள் தெருவுக்குக் கோடையில் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. சென்னையைப் போல நமக்கும் கடல்நீரைக் குடிநீராக்கிக் குழாயில் கொண்டுவர வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் போடலாமா? ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் சொந்த ஊரிலும் இதே பேச்சு. அங்கே சரிவருமா?

பதில்: குன்னூர் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். சொந்த ஊருக்குப் பதில் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல 25 மடங்குக்கு மேல் கொடுத்து மெம்பிரேன் என்ற, உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு வழியே தள்ளினால்தான் நல்ல தண்ணீர் பிரியும். இதற்கு 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகிறது. கடலோரத்து ஊருக்குக் கரண்ட் செலவு ஏறக்குறைய அதோடு நின்றுவிடும். நமக்கு நிற்காது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். 1,000 லிட்டரை அவ்வளவு உயரம் தூக்கவே 5 யூனிட் வேண்டும். பம்பிலும் மோட்டாரிலும் வீணாவதைச் சேர்த்தால் 7 யூனிட். நீண்ட குழாயில் உராய்வால் போவது தனி. உப்பை எடுக்கும் செலவைவிட மலையேற்றும் செலவு இரண்டு மடங்கு!

வீட்டுக்கணக்காகப் பாருங்கள். நாளுக்கு 500 லிட்டர் புழங்கும் குடும்பத்துக்குத் தண்ணீருக்கு மட்டும் 5 யூனிட், இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். அரசு 2016-இல் வீட்டுக்கு இலவசமாகத் தரத் தொடங்கியதே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான்.

கடலிலிருந்து எழுந்த நீரை இரண்டு பருவமழையும் செலவில்லாமல் மேலே கொண்டுவந்து கொட்டுகின்றன. அதைக் கோடைவரை பிடித்துவைக்க நமக்கு இடமில்லை, அதுதான் குறை. ரேலியா அணை வற்றினால் ஊரே லாரியைப் பார்த்து நிற்கிறது.

உங்கள் தெருவுக்குக் கீழே தேயிலைச் சரிவில் ஓர் ஊற்று இருக்கலாம்; பெரியவர்களைக் கேளுங்கள். மார்ச், ஏப்ரலில், ஊற்று மிக மெலிந்திருக்கும்போது, 15 லிட்டர் வாளியோடு போங்கள். வாளி நிரம்ப எத்தனை நொடி என்று செல்போனில் பாருங்கள். 50 நொடி என்றால் நாளுக்குக் கிட்டத்தட்ட 26,000 லிட்டர். கிராமக் குடிநீருக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு 55 லிட்டர். அப்படிப் பார்த்தால் அந்த ஒல்லியான ஊற்று 470 பேருக்குத் தாங்கும். ராத்திரி பத்திலிருந்து விடியற்காலை ஐந்துவரை மட்டும் 7,500 லிட்டருக்கு மேல் யாரும் பிடிக்காமல் ஓடையில் போகிறது. அங்கே ஒரு மூடிய தொட்டியும் சின்ன பம்பும் கேட்டு மனு எழுதுங்கள், அதில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். எந்த ஊற்றானாலும் கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் பரிசோதனை செய்யாமல் குடிக்க வேண்டாம்; மேலே கழிப்பறைக் குழியோ காய்கறித் தோட்டமோ இருந்தால் இன்னும் கவனம். அப்புறம், ஊற்றைச் சுற்றியுள்ள சதுப்பை மண் கொட்டி மூட யாரையும் விடாதீர்கள். ஊற்றுக்கு நீர் சுரப்பது அதிலிருந்துதான்.

சரி, சொந்த ஊருக்கு வருவோம். சென்னையில் மீஞ்சூர் நிலையம் 2010-லும் நெம்மேலி 2013-லும் தொடங்கின, தலா நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது நகரத்துக்குக் கைகொடுத்தவற்றில் இவையும் உண்டு. மழை பொய்த்தாலும் கடல் வற்றாது என்பது பெரிய பலம். அதனால் கடலோர ஊருக்கு இதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் கிணற்று நீரைச் சோதியுங்கள். கடல்நீர் அளவுக்கு உப்பில்லாமல் வெறும் உவர்நீராக இருந்தால், அதைச் சுத்தம் செய்யக் கடல்நீருக்கு ஆகும் மின்சாரத்தில் பாதிகூட ஆகாது.

கடல்நீர்தான் வழி என்றால் கழிவு எங்கே போகும் என்று கேளுங்கள். 100 லிட்டர் எடுத்தால் 40 லிட்டர்தான் குடிநீர். மீதி 60 லிட்டர் கடும் உப்போடு கடலுக்கே திரும்பும். உங்கள் ஊர் பாக் விரிகுடாப் பக்கம் என்றால், அங்கே கடல் ஆழம் குறைந்தது, அந்த உப்பு சட்டென்று கரைந்து பரவாது. குழாய் வாய் எங்கே இருக்கும் என்று முடிவுசெய்யும் இடத்தில் கரைவலைக்காரர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் போன ஒரு கடலோரக் கிராமத்தில் சின்ன நிலையம் ஒன்று பூட்டிக் கிடந்தது. இயந்திரத்தில் கோளாறு இல்லை. மெம்பிரேன் மாற்றக் காசில்லை. பெண்கள் அந்தப் பூட்டைத் தாண்டித்தான் குடத்தோடு ஒரு கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தார்கள். ஆகவே கிராமசபையில் கட்டுமானச் செலவைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: நாலைந்து வருடத்தில் மெம்பிரேன் மாற்றும் செலவும் மாதாமாதம் கரண்ட் பில்லும் யார் பொறுப்பு? அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.