கிளைடர் (என்ஜின் இல்லாத விமானம்) ஆல்டிமீட்டர், அதாவது உயரம் காட்டும் மீட்டர்: வந்த கேள்விகளில் சில

காலையில் ஓடுதளத்தில் ஆல்டிமீட்டர் முள்ளைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டுப் போனேன். மாலையில் அதே இடத்தில் இறங்கி நின்றால் 140 அடி காட்டுகிறது. மீட்டர் போய்விட்டதா?

இல்லை, காற்றழுத்தம்தான் இறங்கியிருக்கிறது. உள்ளே இருப்பது காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய மெல்லிய உலோக டப்பி. வெளியே அழுத்தம் குறைந்தால் அது உப்பும், அந்தச் சின்ன அசைவைப் பல்சக்கரங்கள் பெரிதாக்கி முள்ளுக்குக் கொண்டுபோகும். நீங்கள் மேலே ஏறியதால் அழுத்தம் குறைந்ததா, வானிலை மாறியதால் குறைந்ததா என்றெல்லாம் டப்பிக்குத் தெரியாது. தரையை ஒட்டி ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) சுமார் 28 அடி, ஆக உங்களுக்கு 5 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருக்கிறது. இதில் வம்பு என்னவென்றால், இருப்பதைவிட உயரத்தில் இருக்கிறோம் என்ற நினைப்போடு இறங்க வருவீர்கள். கடைசிக் கட்டத்தில் முள்ளை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். முன்பின் தெரியாத வயலில் இறங்கும்போது கேட்கவே வேண்டாம், அந்த வயலின் உயரம் மீட்டருக்கு எப்படித் தெரியும்?

பயிற்சியாளர் அடிக்கடி மீட்டரை விரலால் தட்டுகிறாரே?

என்ஜின் இல்லையே, அதனால்தான். என்ஜின் விமானத்தில் அந்த அதிர்வே முள்ளை ஒட்டவிடாது. நீங்களும் தட்டலாம், மெதுவாக.

ஜிபிஎஸ் 3,200 மீட்டர் என்கிறது, ஆல்டிமீட்டர் 3,000 என்கிறது. எதை நம்ப?

வெயில் நாளாக இருந்திருக்கும். கடல்மட்டத்தில் 15 டிகிரி, மேலே போகப்போக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறைவு என்று வைத்துக்கொண்டுதான் மீட்டரைச் செய்கிறார்கள். காற்று அதைவிட 10 டிகிரி சூடாக இருந்தால் சுமார் 4 சதவீதம் குறைத்துக் காட்டும், குளிர்ந்திருந்தால் கூட்டிக் காட்டும். மலைப்பக்கம் குளிர்காலத்தில் பறப்பவர்கள் பயப்பட வேண்டியது இந்த இரண்டாவதற்குத்தான். 2018 செப்டம்பரில் அர்ஜென்டினாவில் பெர்லான் 2 கிளைடர் உயரச் சாதனை படைத்தபோதும் அழுத்தக் கணக்கில் 76,124 அடி, ஜிபிஎஸ் கணக்கில் சுமார் 74,300 அடிதான்.

சரி, எதை நம்ப என்றால், மலையைத் தாண்ட ஜிபிஎஸ். வான்பரப்பு எல்லைக்கு (எந்த உயரம் வரை பறக்கலாம் என்ற வரம்பு) ஆல்டிமீட்டர், ஏனென்றால் பக்கத்தில் வரும் விமானமும் அதே கணக்கில்தான் பறக்கிறது, பிழை இருந்தாலும் இருவருக்கும் ஒரே பிழை.

ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டரும் இதே அழுத்தத்தைத்தான் பார்க்கிறதா?

ஆமாம், ஆனால் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்க்கிறது. பழைய வகையில் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு தெர்மாஸ் குடுவை இருக்கும், ஏறும்போது அதிலிருந்து வெளியேறும் காற்றுதான் முள்ளை நகர்த்தும். குழாயில் கசிவு இருந்தால் காட்டுவதெல்லாம் பொய், முதலில் அதைச் சோதியுங்கள்.