சாவி யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தினமும் பேசின்பிரிட்ஜில் வண்டி மாறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். டேட்டா அனோட்டேஷன் வேலை. வெளிநாட்டுத் தெருக்களின் படங்கள் வரும். கார், சைக்கிள், நடந்து போகிறவர், தெருவிளக்கு என்று ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி வரைந்து பெயர் கொடுக்க வேண்டும். இரண்டு வருடமாகச் செய்கிறேன். கைக்கு 14,000 ரூபாய் வருகிறது.

போன மாதக் கட்டுரையில், ஏஐ என்பது பெரிய கம்பெனிகள் ஊதிவிட்ட பலூன் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சென்ற வாரம் எங்கள் டீமில் முப்பது பேரைக் கூப்பிட்டு, “இனிமேல் இதை ஏஐயே செய்துகொள்ளும், உங்களுக்கு இன்னும் மூன்று மாதம்தான்” என்று சொல்லிவிட்டார்கள். வெறும் பலூன் என்றால் எங்கள் வேலை ஏன் போகிறது? அதே வாரம் எங்கள் பக்கத்துப் பயிற்சி நிலையத்தில் “ஏஐ படித்தால் வேலை உறுதி” என்று 90,000 ரூபாய் கேட்கிறார்கள். இ.எம்.ஐ.யில் கட்டலாமாம். முதல் தவணைக்கு நகையை வைக்கலாம் என்கிறார் அம்மா. சேரட்டுமா, வேண்டாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நகையை வைக்காதீர்கள். இந்தப் பதிலில் மற்றதையெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம். இதை மட்டும் இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

இ.எம்.ஐ. என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் தவணையாக ஃபீஸ் கட்டுவது போன்றதாக இருக்காது. ஒரு கடன் கம்பெனி உங்கள் பெயரில் கடன் எழுதி, மொத்தப் பணத்தையும் அந்த நிலையத்திடம் முன்னாலேயே கொடுத்துவிடும். நாளை அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போனாலும் கடன் உங்கள் தலையில்தான். 2,200 கோடி டாலர் மதிப்பு என்று கொண்டாடப்பட்ட ஆன்லைன் பாடக் கம்பெனி பைஜூஸே 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. தங்களைக் கடனில் மாட்டிவிட்டார்கள் என்று அதன் விற்பனை முறையைப் பற்றிப் பெற்றோர்கள் பல வருடங்கள் புகார் சொன்னார்கள். ‘வேலை உறுதி’ என்று பொய் வாக்குறுதி கொடுத்து பயிற்சி நிலையங்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரிலேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டுவிட்டது. அவர்களுடைய நோட்டீஸ் கையில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பைத்தானும் புள்ளியியலும் என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். உங்களுக்கு இரண்டு வருட அனோட்டேஷன் அனுபவம் இருக்கிறது. அந்தப் படங்களில் எங்கே தப்பு வரும் என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு, 90,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பாடம் நடத்த வருகிறவருக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

இனி உங்கள் கோபம். அது நியாயமான கோபம். ‘பலூன்’ என்று எழுதியபோது முதலீட்டாளர்களையும் மேடையில் பேசுகிறவர்களையும்தான் மனதில் வைத்திருந்தேன். பலூனுக்குக் கீழே நிற்பவர்களை நினைக்கவில்லை. அந்தச் சொல்லை எழுதியது என் தவறு. கண் பார்வை குறைந்த பிறகு, குரலைத் தமிழ் எழுத்தாக்கும் வசதியில்தான் நான் பாதிக் கட்டுரைகளை எழுதுகிறேன். அந்த மென்பொருள் பொய் இல்லை. பொய் எங்கே இருக்கிறது என்பதை நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அமேசான், பில் போடுகிற ஆளே இல்லாத கடைகளைத் திறந்தது. பொருளை எடுத்துக்கொண்டு நடந்து போகலாம், கேமராவும் ஏஐயும் கணக்குப் போட்டுவிடும் என்றது. 2022-இல் ஆயிரம் விற்பனையில் சுமார் எழுநூறை மனிதர்கள் சரிபார்க்க வேண்டியிருந்தது என்றும், அதற்காக இந்தியாவில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள் என்றும் பிறகு செய்தி வந்தது. எண்ணிக்கை அவ்வளவு இல்லை, அவர்கள் பெரும்பாலும் ஏஐக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சித் தரவுக்குத்தான் குறிப்பெழுதினார்கள் என்று அமேசான் மறுத்தது. அந்த மறுப்பையே அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அது உங்கள் வேலையைத்தானே சொல்கிறது? நேட் என்றொரு ஷாப்பிங் செயலி, எல்லாம் ஏஐ என்று சொல்லி 4 கோடி டாலருக்கு மேல் முதலீடு வாங்கியது. பிலிப்பைன்ஸில் உட்கார்ந்திருந்த ஊழியர்கள்தான் ஆர்டர்களைக் கையால் போட்டார்கள், உண்மையில் தானியங்கி வேலை கிட்டத்தட்ட பூஜ்யம் என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு அதன் நிறுவனர்மேல் மோசடிக் குற்றம் சாட்டியது.

இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கியது கென்யாவிலிருந்து வந்த செய்தி. சாட்ஜிபிடி ஆபாசமும் வன்முறையும் பேசாமல் இருக்க வேண்டுமென்றால், எது ஆபாசம், எது வன்முறை என்று யாராவது அதற்குக் குறித்துக் காட்ட வேண்டும். நைரோபியில் ஒரு ஒப்பந்த கம்பெனியின் ஊழியர்கள் மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைந்த கூலிக்கு அந்த அசிங்கங்களை நாள் முழுக்கப் படித்துக் குறித்தார்கள் என்று டைம் பத்திரிகை 2023 ஜனவரியில் எழுதியது. அதே வருடம் டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து எண்ணூர்க் கழிமுகம் கறுத்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். நம் மீனவர்கள் படகில் போய் மக்காலும் வாளியாலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். அவர்கள் உடம்பு முழுக்கக் கறுப்பு. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நைரோபி ஊழியர்களின் ஞாபகம் வருகிறது. எங்கேயோ லாபம் எடுத்தவர்கள் விட்ட கசடை வெறுங்கையால் அள்ளுகிறவர்கள் இந்த இரண்டு பேரும்தான்.

ஆக, ‘ஏஐ செய்துகொள்ளும்’ என்று உங்கள் மேலாளர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த வேலை இன்னும் குறைந்த கூலிக்கு வேறு ஊருக்குப் போகவும் வாய்ப்புண்டு. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி, தொலைபேசியில் தானாகப் பதில் சொல்லும் குரல் பாட் வந்துவிட்டது, வாடிக்கையாளர் அழைப்புகள் குறைந்துவிட்டன என்று 45 பேரின் வேலையை நீக்க முடிவெடுத்தது. அழைப்புகள் குறையவில்லை, கூடிக்கொண்டுதான் இருக்கின்றன என்று ஊழியர் சங்கம் வழக்காடியது. 2025 ஆகஸ்டில் வங்கி தன் கணக்கு தவறென்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, முடிவைத் திரும்பப் பெற்றது. அங்கே ஒரு சங்கம் இருந்தது. அது கணக்கைக் கேட்டது.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளில் அவர் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கேட்டைத் தாண்டியதும் டைம் ஆபீஸ், அதன் சுவரில் பஞ்ச் கடிகாரம். அட்டையைச் செருகினால் டங்கென்று நேரம் விழும். ஒரு மழைக்கால மாதம், சம்பளக் கவரைப் பிரித்தால் மூன்று அரை நாள் பிடித்தம். நேரத்துக்குத்தான் போனேன் என்று அப்பா சொன்னார். டைம் கீப்பர் அட்டையைத் தூக்கிக் காட்டி, “மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாதுப்பா” என்றாராம். வீட்டில் அம்மாகூட அரை மனதாக அதை நம்பினாள். அப்பாவுக்கு அதுதான் பெரிய வலி.

பிறகு ஒருநாள் தேரடி டீக்கடையில் பேச்சு வந்தபோது, அதே ஷிப்டில் இன்னும் பதினோரு பேருக்குப் பிடித்தம் ஆகியிருப்பது தெரிந்தது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து வெட்கப்பட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். சங்கச் செயலாளர் தன் கைக்கடிகாரத்தை ரேடியோ நேரத்தோடு சரிபார்த்துக் கட்டிக்கொண்டு, நான்கு நாள் காலையில் டைம் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். பஞ்ச் கடிகாரம் ஏழு நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து முள்ளைத் திருப்பும் சாவி நிர்வாகத்தின் மேசை டிராயரில் இருந்தது. வேண்டுமென்றே திருப்பினார்களா, தானாக ஓடியதா என்பது கடைசிவரை வெளிவரவில்லை. பிடித்த பணம் திரும்பி வந்தது. அந்த டைம் கீப்பர் அப்பாவிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

அதனால்தான் பிரிட்டன் அஞ்சல் துறை விவகாரத்தைப் படித்தபோது எனக்கு அது தூரத்துக் கதையாகத் தெரியவில்லை. 1999-இல் அங்கே கிளை அஞ்சலகங்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. ஃபுஜிட்ஸு நிறுவனத்துடையது. கிளைகளில் கையிருப்புக்கும் கணினிக் கணக்குக்கும் இடையே ஆயிரக்கணக்கான பவுண்டு உதைத்தது. கணினி தவறாது என்று சொல்லி, பற்றாக்குறையைக் கிளையை நடத்தியவர்களின் சொந்தப் பணத்திலிருந்து வசூலித்தார்கள். 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர்மேல் வழக்குப் போட்டது அஞ்சல் நிறுவனமேதான். சிறைக்குப் போனார்கள், வீட்டை விற்றார்கள். குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்கிறது 2025-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை. “உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை” என்று தொலைபேசியில் சொல்லப்பட்டதாகப் பலர் சாட்சி சொன்னார்கள். 2009-இல் ஒரு கிராமத்து மண்டபத்தில் கூடியபோதுதான் எத்தனை பேர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரிந்தது. ஃபுஜிட்ஸு ஊழியர்கள் வெளியிலிருந்தே கிளைக் கணக்குக்குள் நுழைய முடியும் என்ற உண்மையை அஞ்சல் நிறுவனம் வருடக்கணக்கில் மறுத்து வந்தது. 2019-இல் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் உண்டு என்றது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் 2024-இல்தான் வந்தது. சாவி வேறு ஒருவர் டிராயரில் இருந்ததை நிரூபிக்க அவர்களுக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது.

ஹொரைசன் ஏஐகூட இல்லை. சாதாரண கணக்கு மென்பொருள். அதற்கே இத்தனை பேரைப் பலி கொடுத்த உலகம், ஏன் இப்படிச் சொன்னது என்று செய்தவர்களாலேயே முழுமையாக விளக்க முடியாத ஒன்றை இன்று வேலைக்கும் கடனுக்கும் மருத்துவத்துக்கும் நீதிபதியாக உட்கார வைக்கப் பார்க்கிறது. என் பயம் இதுதான். கனடாவில் ஒருவர் தன் பாட்டி இறந்தபோது, துக்கப் பயணச் சலுகையைப் பற்றி ஏர் கனடாவின் சாட்பாட்டிடம் கேட்டார். அது தவறான விதியைச் சொன்னது. பணத்தைத் திரும்பக் கேட்டபோது, சாட்பாட் தனியான சட்டப் பொறுப்புடையது, அதன் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்கிற மாதிரி அந்தக் கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளி, அவருக்குச் சுமார் 800 டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சின்னது. ஆனால் அந்த வாதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். லாபம் வரும்போது மெஷின் கம்பெனியுடையது. தப்பு வரும்போது அது யாருடையதும் இல்லை.

இப்போது உங்கள் முப்பது பேர் விஷயம். தமிழ்நாட்டில் ஐடி கம்பெனிகளுக்கு அப்போதிருந்த தொழிற்தகராறு சட்டத்திலிருந்து விலக்கு இல்லை, ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று 2016-லேயே மாநில அரசு தெளிவுபடுத்திவிட்டது. பட்டரவாக்கத்திலிருந்து நான்கைந்து ஸ்டேஷன் தள்ளி, பெரம்பூரில்தான் 1918 ஏப்ரல் 27 அன்று ஆலைத் தொழிலாளர்களின் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. உங்களுக்கு அது ரொம்பப் பக்கம். தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவர் ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், ஆட்குறைப்புக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அந்த மாதச் சம்பளமோ தர வேண்டும். வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளக் கணக்கில் இழப்பீடும் தர வேண்டும். நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இந்த உரிமை கைவிட்டுப் போகும். ‘நல்லபடியா முடிச்சிக்கலாம், ஒரு மெயில் போட்டுடுங்க’ என்று யாராவது தன்மையாகச் சொல்லுவார்கள். போடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த மென்பொருள் இந்த வேலையைச் செய்யப்போகிறது, அதன் பிழைகளை யார் திருத்துவார்கள் என்றும் கேளுங்கள். முப்பது பேரும் ஒரே கடிதத்தில் கேளுங்கள், தனித்தனியாகக் கேட்க வேண்டாம். கம்பெனியின் படங்களையோ கோப்புகளையோ வெளியே எடுக்காதீர்கள், அது உங்களுக்கே வம்பாகும். சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், வருகைப் பதிவு, இவை உங்களுடையவை.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தண்டையார்பேட்டையில் தொழிற்சங்க வழக்கறிஞர் ஒருவர் வீட்டில் இருப்பேன். இடத்தைத் தனி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். முப்பது பேரில் வர முடிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மாவையும் அழைத்து வாருங்கள், நகை விஷயத்தை நானே அவரிடம் பேசுகிறேன்.