ஐப்பசி முதல் மாசி வரை: பந்தயக் காலம் பற்றிய கேள்வி பதில்

அக்டோபர் தொடங்கிப் பிப்ரவரி முடிய உலகெங்கும் நடைபெறும் பெரிய விளையாட்டுப் போட்டிகளையும், அவற்றின் மீது கட்டப்படும் பந்தயப் பணத்தையும் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். காப்பீட்டுத் துறையில் இடர்ப்பாட்டைக் கணக்கிடுவது என் தொழிலாக இருந்தது; ஆதலால் எந்தப் பந்தயத்தையும் அதன் விலையிலிருந்தே, அதாவது வென்றால் கட்டிய தொகைக்கு எத்தனை மடங்கு கிடைக்கும் என்பதிலிருந்தே, பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. எந்தக் குதிரை வெல்லும், எந்த அணி ஜெயிக்கும் என்று மட்டும் கேட்டிருந்த கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி (திருவல்லிக்கேணி வாசகர்): ஐயா, இந்தப் பருவத்தில் உலகப் பந்தயச் சந்தையில் அதிகம் பேசப்படும் போட்டிகள் எவை?

பதில்: அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிறன்று பாரிஸின் லோன்ஷாம் திடலில் ஓடும் ஆர்க் தே திரியோம்ஃப் குதிரைப் பந்தயத்திலிருந்து தொடங்கலாம். 1920 முதல் நடந்துவரும் இந்த 2,400 மீட்டர் பந்தயத்தில் வயதையும் பாலினத்தையும் பொறுத்தே குதிரைகள் தாங்கி ஓடும் சுமை அமைவதால், அந்த ஆண்டின் சிறந்த குதிரை எது என்ற வினாவுக்கு ஐரோப்பா ஏற்றுக்கொள்ளும் விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது. நவம்பரின் முதல் செவ்வாயன்று மெல்பர்ன் கோப்பை நடைபெறும். அது 1861 முதல் ஃபிளெமிங்டனில் ஓடும் பந்தயம். தூரம் 3,200 மீட்டர். அதிகபட்சம் 24 குதிரைகள். அன்று மெல்பர்ன் நகருக்குப் பொது விடுமுறை. நமக்கு அது காலை ஒன்பதரை மணி. ஆர்க் பந்தயத்துக்கு நேர்மாறாக, இதில் வலிய குதிரைக்குக் கூடுதல் சுமையும் மெலிந்த குதிரைக்குக் குறைந்த சுமையும் ஏற்றி, எல்லாவற்றுக்கும் வாய்ப்பைச் சமப்படுத்த முயல்கிறார்கள். விலை போட்டுப் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளுக்கு இதைவிட உவப்பான அமைப்பு வேறில்லை. ஏனெனில் எந்தக் குதிரைக்கும் ஒரு நியாயம் கற்பித்துக்கொள்ள முடியும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாளில் மூன்று பெரிய நிகழ்ச்சிகள் ஒன்றாக வந்து சேர்கின்றன: மெல்பர்னில் டெஸ்ட் ஆட்டம், இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கால்பந்து, கெம்ப்டன் திடலில் தடைதாண்டும் குதிரைகளுக்கான கிங் ஜார்ஜ் பந்தயம். இந்தக் கடைசிப் பந்தயத்தை காட்டோ ஸ்டார் என்ற குதிரை ஐந்து முறை வென்றது. ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸும், பிப்ரவரியில் மும்பை மகாலட்சுமியில் இந்தியன் டெர்பி குதிரைப் பந்தயமும், அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலும் வருகின்றன.

கேள்வி (வேளச்சேரி, மென்பொருள் ஊழியர்): இவற்றின் மீது சென்னையிலிருந்து செல்போன் செயலி வழியாகப் பணம் கட்டுவது சட்டப்படி சரியா?

பதில்: சரியில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள், திறமையைச் சார்ந்தவையாயினும் வாய்ப்பைச் சார்ந்தவையாயினும், அனைத்தையும் தடை செய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அத்தகைய சேவையை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், அதற்கு விளம்பரம் செய்வோருக்கு இரண்டாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் சொல்லப்பட்டுள்ளன. விளையாடுபவரைத் தண்டிப்பதாக அச்சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிரான மாநிலச் சட்டம் 2023 முதலே நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டு இணையதளம் என்றால் பரவாயில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். லாட்டரிச் சீட்டு, கால்பந்து முடிவுகளைக் கணித்துக் கட்டும் ஃபுட்பால் பூல்ஸ் போன்றவற்றுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டன என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அந்தத் தளம் வென்ற தொகையைத் தர மறுத்தால் நீங்கள் முறையிடுவதற்கும் இடமில்லை.

கேள்வி (சைதாப்பேட்டை வாசகர்): அப்படியானால் கிண்டி ரேஸ் மட்டும் எப்படி அனுமதிக்கப்பட்டது?

பதில்: அது நீண்ட கதை. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தைத் தடை செய்ய முற்பட்டது. 1986இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே கையகப்படுத்த ஒரு சட்டம் வந்தது. இரண்டும் நீதிமன்றம் சென்று, 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வளர்ப்பும் பயிற்சியும் ஜாக்கியின் திறனும் முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் வாதம். திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் உரியது, பணம் கட்டுபவருக்கு அதில் என்ன பங்கு என்று கேட்பவர்கள் உண்டு. விலையை ஆராய்ந்து கட்டுவதும் ஒரு திறமையே என்பது என் கருத்து, ஆனால் அவ்வாறு ஆராய்கிறவர்கள் மிகச் சிலர். இப்போது வந்துள்ள சிக்கல் வேறு வகையானது. 2024 செப்டம்பரில் வாடகை நிலுவையைக் காரணம் காட்டிக் கிண்டியின் 160 ஏக்கர் நிலக் குத்தகையை அரசு ரத்து செய்ததையடுத்து வழக்கு எழுந்தது. ஆகையால் குளிர்காலப் பந்தயம் என்று கேள்விப்பட்டால் அந்த வாரத்து அட்டவணையைப் பார்த்துவிட்டே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி (பெரம்பூர், கணித ஆசிரியை): இரண்டு அணிகளும் சமபலம் என்கிறார்கள், ஆனால் இரண்டுக்கும் 1.90 என்றே விலை போடுகிறார்கள். இது எப்படி?

பதில்: நீங்கள் கேட்டிருப்பதுதான் இந்த வணிகத்தின் உயிர்நிலை. சமவாய்ப்பு என்றால் நியாயமான விலை 2.00 ஆக இருக்க வேண்டும்; அதாவது 100 ரூபாய் கட்டியவர் வென்றால் 200 ரூபாய் பெற வேண்டும். 1.90 என்றால் அவருக்கு 190 ரூபாய்தான் கிடைக்கும். விலையைத் தலைகீழாக்கினால் அது குறிக்கும் வாய்ப்பு வெளிப்படும்: 1ஐ 1.90ஆல் வகுத்தால் 52.63 சதவீதம். இரண்டு அணிகளையும் கூட்டினால் 105.26 வருகிறது. நூறுக்கு மேல் உள்ள அந்த ஐந்தேகால்தான் புக்கியின் கூலி. உங்கள் மாணவர்களுக்கு இதைவிட நல்ல நிகழ்தகவுப் பயிற்சி கிடைக்காது என்று நினைக்கிறேன். பணம் கட்டாமலே செய்துபார்க்கலாம். எந்தப் போட்டியானாலும், விலைப் பட்டியலில் உள்ள அனைத்தையும் தலைகீழாக்கிக் கூட்டுங்கள். எண்ணிக்கை கூடக் கூட அந்த உபரியை மறைப்பது எளிது. இரண்டு அணி ஆட்டத்தில் உடனே தெரிவது, 24 குதிரை ஓடும் பந்தயத்தில் கண்ணில் படாது.

டோட் எனப்படும் முறையில் இந்தக் கூலி வெளிப்படையாகவே இருக்கிறது. எல்லோரும் கட்டிய தொகையைச் சேர்த்து, அதிலிருந்து ஒரு விழுக்காட்டைக் கழித்துவிட்டு, மீதியை வென்ற சீட்டுகளுக்குப் பங்கிடுவார்கள். 1860களில் பாரிஸில் ஜோசஃப் ஒல்லேர் தொடங்கிவைத்த முறை இது. இதைக் கணக்கிடும் தானியங்கி இயந்திரத்தை ஜார்ஜ் ஜூலியஸ் என்ற பொறியாளர் 1913இல் ஆக்லாந்தில் நிறுவினார். கணினிக்கு முந்தைய காலத்தின் வியப்புகளில் ஒன்று அது.

கேள்வி (அதே ஆசிரியை): இதில் வரியும் உண்டல்லவா?

பதில்: உண்டு, கூலியைவிடப் பெரிய பாரம் அதுதான். பந்தயத்தின் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாக உயர்ந்தது. அதுவும் லாபத்தின் மீதன்று, கட்டும் முழுத் தொகையின் மீது. 100 ரூபாய் பந்தயத்துக்கு 140 ரூபாய் கைவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொண்டால், 2.00 விலையுள்ள குதிரை பத்தில் ஏழு முறை வென்றால்தான் நீங்கள் இழப்பின்றி நிற்பீர்கள். அப்படிப்பட்ட குதிரைக்கு எந்தப் புக்கியும் 2.00 தரமாட்டார். இதற்கு மேல், ரேஸில் வெல்லும் தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வருமான வரி பிடிக்கப்படும்; சென்ற வாரம் தோற்றதை இந்த வார வெற்றியில் கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. இந்த எண்களைப் பார்த்த பின்னும் ஒருவர் கட்டுகிறார் என்றால், அதைச் செலவு என்று கருதிக் கட்டுவாரேயானால் எனக்கு மறுப்பில்லை. வருமானம் என்று கருதுவாரேயானால் அவர் கூட்டலே போடவில்லை என்று பொருள்.

கேள்வி (மயிலாப்பூர் வாசகர்): 2015 மெல்பர்ன் கோப்பையில் நூற்றுக்கு ஒன்று என்றிருந்த குதிரை வென்றதே? வெல்லும் வாய்ப்பு குறைந்த அவுட்சைடர்களின் மீது சிறு தொகை கட்டிக்கொண்டே வந்தால் ஒருநாள் அடிக்காதா?

பதில்: பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் என்ற அந்தக் குதிரையை ஓட்டிய மிஷெல் பெய்ன், அக்கோப்பையை வென்ற முதல் பெண் ஜாக்கி. அந்த வெற்றியை யாரும் மறக்கமாட்டார்கள், மறக்காததுதான் தொல்லை. அதிக விலையுள்ள குதிரைகளின் மீது மக்கள் தகுதிக்கு மீறிப் பணம் கட்டுகிறார்கள் என்பதும், அவற்றின் மீது கட்டுபவரின் இழப்பு, வெல்லும் என்று பலரும் எதிர்பார்க்கும் ஃபேவரிட் மீது கட்டுபவரின் இழப்பைவிடக் கூடுதல் என்பதும் 1949 முதல் ஆய்வாளர்கள் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. ஃபேவரிட் மீது கட்டினால் லாபம் என்று இதற்குப் பொருளில்லை. மெதுவாகத் தோற்பீர்கள், அவ்வளவே.

கேள்வி (அண்ணா நகர் வாசகர்): பெரிய போட்டிகளைப் பற்றித் தகவல் நிறையக் கிடைக்கிறது. ஆகவே அவற்றில் கணிப்பது எளிதுதானே?

பதில்: இல்லை, பலரும் தடுமாறும் இடம் இதுவே. உங்களுக்குக் கிடைக்கும் தகவல் எல்லோருக்கும் கிடைக்கிறது. காயம், ஆடுகளம், வானிலை, பயிற்சியாளரின் பேட்டி ஆகிய அனைத்தும் நீங்கள் படிப்பதற்கு முன்பே விலைக்குள் புகுந்துவிடுகின்றன. சூப்பர் பவுல் போன்ற போட்டியில் ஏராளமான பணமும் தேர்ந்த கணக்கர்களும் சேர்ந்து உருவாக்கும் விலை பெரும்பாலும் உண்மைக்கு வெகு அருகில் இருக்கும். அதில் உங்களுக்கு மிச்சம் வைத்திருப்பது புக்கியின் கூலியைச் செலுத்தும் உரிமை மட்டுமே. சிறிய போட்டிகளில் விலை தவறாக அமைய இடமுண்டு. ஆனால் அந்தத் தவற்றை அறிபவர் லாயத்துக்குள்ளும் உடைமாற்றும் அறைக்குள்ளும் இருப்பவர், அண்ணா நகரில் இருப்பவர் அல்லர். 2000 ஜனவரியில் சென்சூரியன் டெஸ்டில் மழையால் வீணான ஆட்டத்துக்கு உயிரூட்டத் தென்னாப்பிரிக்க அணித் தலைவர் ஹான்சி குரோனியே இன்னிங்ஸைக் கைவிட்டபோது துணிச்சலான தலைவர் என்று பலர் பாராட்டினார்கள். அதற்குப் பின்னால் ஒரு புக்கியின் பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும் இருந்தது சில மாதங்களுக்குப் பிறகே வெளிவந்தது.

கேள்வி (குரோம்பேட்டை, கல்லூரி மாணவர்): ஆட்டம் நடக்கும்போதே மாறும் விலையைப் பயன்படுத்திக்கொள்ள முடியாதா சார்?

பதில்: தம்பி, 2023 அக்டோபர் 8 அன்று சேப்பாக்கத்தில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் 199ஐத் துரத்திய இந்தியா 2 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்தது. பிறகு கோலியும் ராகுலும் நின்று ஆடி ஆறு விக்கெட்டில் வென்றார்கள். அந்த மூன்றாவது விக்கெட் விழுந்த நொடியில் இந்தியாவின் விலை ஏறியிருக்கும். அப்போது கட்டியிருக்கலாமே என்று இப்போது தோன்றும். ஆனால் தொலைக்காட்சியில் நீங்கள் பார்ப்பது சில விநாடிகள் பழைய ஆட்டம். விலை போடுபவருக்கு மைதானத்திலிருந்தே செய்தி வருகிறது. மேலும், அதே மாதத்தில் அதே திடலில் பாகிஸ்தானின் 282ஐ ஆப்கானிஸ்தான் எட்டு விக்கெட் மிச்சமிருக்கத் தாண்டியதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், சேப்பாக்கம் எப்போதும் இப்படித்தான் என்று யாரும் விதி வகுக்கத் துணியமாட்டார்கள்.

கேள்வி (வடபழனி வாசகர்): டெலிகிராமில் ஒருவர் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களைச் சரியாகச் சொன்னார். ஆறாவதுக்குக் கட்டணம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: முதல் ஆட்டத்துக்கு 1,600 பேரில் பாதிப் பேருக்கு ஓர் அணியையும் மறுபாதிக்கு மற்ற அணியையும் சொல்வார்கள். தவறான கணிப்பைப் பெற்ற 800 பேரை விட்டுவிட்டு மீதியை மறுபடி பாதியாக்குவார்கள். ஐந்து ஆட்டங்கள் முடிந்ததும் 50 பேர் எஞ்சுவார்கள். அந்த 50 பேருக்கு அவர் ஒருமுறைகூடத் தவறாதவர். நீங்கள் அந்த 50 பேரில் ஒருவர். பணம் அனுப்பாதீர்கள்.

கேள்வி (தாம்பரம், ஒரு தாயார்): என் மகன் கிரிக்கெட் செயலியில் கடன் வாங்கிக் கட்டுகிறான். இழந்ததை மீட்டுவிட்டு நிறுத்திவிடுவதாகச் சொல்கிறான். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, இழந்ததை மீட்பதற்காகத் தொகையை உயர்த்திக்கொண்டே போவதுதான் இதில் மிகவும் ஆபத்தான கட்டம். கடனை அடைத்துக் கையில் மீண்டும் பணம் கொடுத்தால் அதுவும் அதே வழியில் போகும். கடன் கொடுத்தவர்களுக்கு நேரடியாகச் செலுத்துங்கள், அவருடைய வங்கிக் கணக்கிலும் யு.பி.ஐ.யிலும் செலவு வரம்பை உடனே குறைக்கச் செய்யுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. பணம் மோசடியாகப் பறிக்கப்பட்டிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குத் தொகையை முடக்கும் வாய்ப்பு அதிகம். அவரைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (நங்கநல்லூர் வாசகர்): 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்ததுபோல டெஸ்ட் டை ஆனால், கட்டிய பணம் என்னவாகும்?

பதில்: டெஸ்ட் வரலாற்றில் இதுவரை இரண்டே டைகள்: 1960இல் பிரிஸ்பேன், 1986இல் நம் ஊர். பந்தய நிறுவனம் முன்கூட்டியே அறிவித்த விதியைப் பொறுத்தே தீர்வு அமையும். பணத்தைத் திருப்பித் தருவது ஒரு முறை. மற்றொன்று குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது: இரண்டு குதிரைகள் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டால் கட்டிய தொகையில் பாதி வென்றதாகவும் பாதி தோற்றதாகவும் கொள்வார்கள். 3.00 விலையில் 100 ரூபாய் கட்டியவருக்கு அந்த முறைப்படி 150 ரூபாய் கிடைக்கும்.

கேள்வி (குரோம்பேட்டை மாணவரே மீண்டும்): பணம் கட்டாமல் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

பதில்: சூப்பர் பவுல். பிப்ரவரியின் இரண்டாம் ஞாயிறு அங்கே. நமக்குத் திங்கள் காலை ஐந்து மணி. வலிய அணி எடுத்த புள்ளிகளிலிருந்து சிலவற்றைக் கழித்துவிட்டு வெற்றியைத் தீர்மானிக்கும் ஸ்ப்ரெட் என்ற எண்ணை முதல் நாளே குறித்துக்கொண்டு ஆட்டத்தைப் பாருங்கள். பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு மூன்று, பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் டச் டவுனும் அதன் கூடுதல் புள்ளியும் சேர்ந்து ஏழு என்பதால், 3, 7 ஆகிய வித்தியாசங்களில் ஆட்டங்கள் அடிக்கடி முடிகின்றன. ஸ்ப்ரெட் இரண்டரையா மூன்றரையா என்ற ஒரு புள்ளி வேறுபாட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது அப்போது விளங்கும்.