எட்டு வருடம் பெஞ்சில் இருந்தவள் கோச் ஆகலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. எட்டு வருடமாக மாவட்டக் கால்பந்து அணியிலும் ஒரு கிளப்பிலும் கோல்கீப்பர், பெரும்பாலும் இரண்டாவது கீப்பர்தான். போன வருடம் முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளியில் பெண்கள் அணியின் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். போனால் தோற்றுப்போனவள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ? என் கிளவ்ஸைக்கூட அக்கா மகளுக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: தங்கச்சி, "இரண்டாவது கீப்பர்தான்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த "தான்" எனக்குப் பிடிக்கவே இல்லை. மற்ற இடங்களுக்கு அறுபதாவது நிமிடத்தில் ஆளை மாற்றுவார்கள், கீப்பரை யாரும் அப்படி மாற்ற மாட்டார்கள், அதனால் இரண்டாவது கீப்பராக இருப்பது மேட்சே கிடைக்காமல் மேட்சுக்குத் தயாராக இருக்கும் வேலை, அதைப் பத்து வருடம் போலச் செய்த ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

ஜெர்மனியின் நடீன் ஆங்கெரர். தேசிய அணிக்கு முதலில் ஆடியது 1996இல், 17 வயதில். அப்புறம் சில்கே ரோட்டன்பெர்க் என்ற அருமையான கீப்பருக்குப் பின்னால் காத்திருப்பு. 1997, 2001, 2005 ஐரோப்பியக் கோப்பைகள், 2003 உலகக் கோப்பை எல்லாமே ஜெர்மனிக்கு வந்தன. இவர் பெஞ்சில் இருந்தார். 2007இல் ரோட்டன்பெர்க்குக்குக் காயம், அதனால் சீனாவில் நடந்த உலகக் கோப்பையில் இவருக்கு இடம் கிடைத்தது. அப்போது வயது 28, உன்னைவிட இரண்டு கூடுதல். ஆறு மேட்ச், 540 நிமிடம், ஒரு கோல்கூட விழவில்லை. இறுதிப் போட்டியில் ஜெர்மனி 1-0 என்று முன்னால் இருந்தபோது பிரேசிலின் நட்சத்திரம் மார்த்தா அடித்த பெனால்டியையும் தடுத்தார் (மார்த்தாவின் பெனால்டி, யோசித்துப் பார்!). 2013 ஐரோப்பிய இறுதிப் போட்டியில் நார்வேக்கு எதிராக இரண்டு பெனால்டி தடுத்து, அந்த வருடத்துக்கான ஃபிஃபாவின் சிறந்த வீராங்கனை விருதும் வாங்கினார்.

ஆனால் உனக்குச் சொல்ல வந்தது அதற்குப் பிந்தைய கதை. 2015 உலகக் கோப்பையோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அடுத்த வருடமே அமெரிக்காவில் தான் ஆடிய போர்ட்லண்ட் தோர்ன்ஸ் அணிக்குக் கீப்பர் கோச் ஆனார். அவரிடம் பயிற்சி எடுத்த அட்ரியானா ஃபிராஞ்ச் 2017, 2018 இரண்டு வருடமும் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் சிறந்த கீப்பர். 2024இலிருந்து சுவிட்சர்லாந்து பெண்கள் அணிக்கும் கீப்பர் கோச்சாகப் போனார். பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு கீப்பரைப் பத்து வருடம் பார்த்த கண் சும்மா போகுமா? எங்கே நிற்கிறாள், பக்கவாட்டிலிருந்து வரும் எந்த கிராஸுக்கு வெளியே வருகிறாள், கோல் விழுந்த அடுத்த நிமிடம் என்ன செய்கிறாள் என்று உனக்கும் எல்லாம் மனப்பாடமாக இருக்கும்.

அதற்காக நன்றாகப் பிடிக்கிறவள் எல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள் என்று நினைக்காதே. நான் கல்லூரியில் கீப்பர், முதல் தடவை ஒரு பொடிசுக்கு டைவ் கற்றுக்கொடுக்கப் போய் "இப்படி விழு" என்பதைத் தவிர ஒன்றும் சொல்ல வரவில்லை, அவள் முழங்கையைக் குத்தி விழுந்து அழுததுதான் மிச்சம். நம் கை தானாகச் செய்வதைத் துண்டு துண்டாகப் பிரிக்கத் தெரிய வேண்டும். முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து பக்கவாட்டில் சாய்வது, அப்புறம் முழங்காலில் நின்று, கடைசியில்தான் நின்றபடி. நம் ஊர் மைதானம் கட்டாந்தரை, அதனால் ஒரு மூலையில் மணல் கொட்டச் சொல், இதை முதல் நாளே கேள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலைக்கு மேலே போகிற பந்துக்கு அவளைத் திட்டாதே, கோலின் மேல்கம்பம் 2.44 மீட்டர் உயரம், எம்பினாலும் எட்டாது.

இன்னொன்று, கீப்பர் கோச்சுக்குக் கையைவிடக் கால்தான் வேலை செய்யும். ஒரு பயிற்சியில் எத்தனையோ தடவை, சொன்ன உயரத்துக்குச் சொன்ன பக்கம் பந்து அடித்துக் கொடுக்க வேண்டும். உன் முழங்கால் அதைத் தாங்குமா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுவிட்டு ஒத்துக்கொள்.

பள்ளியிடம் சம்பளம் எவ்வளவு, வாரம் எத்தனை நாள் என்று எழுதி வாங்கு. "சேவையாக நினைத்துக்கொள்ளம்மா" என்பார்கள், பெண்கள் விளையாட்டு என்றாலே இந்தப் பேச்சு வரும், சிரித்துக்கொண்டே மறுபடி கேள். கீப்பர்களுக்குத் தனியாக அரை மணி நேரம் வேண்டும் என்றும் சொல், இல்லாவிட்டால் உன்னைக் கூம்பு அடுக்க வைத்துவிடுவார்கள். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ் என்ற கோச் படிப்புக்கு விண்ணப்பித்துவிடு, கீப்பர் கோச்சுக்கென்று தனிப் படிப்பும் உண்டு, அதை அடுத்துப் பார்க்கலாம்.

திரும்ப ஆடுவாயா என்பதை இப்போதே முடிவு கட்டாதே. 26 எல்லாம் கீப்பருக்கு ஒரு வயதா? ஆங்கெரர் 36 வரை ஆடினார். கால் சரியானால் கிளப்பில் பேசிப் பார், சரியாகாவிட்டால் கையில் ஒரு வேலை இருக்கிறது.

கிளவ்ஸை மட்டும் கொடுக்காதே. பயிற்சியில் நீ செய்து காட்ட அது வேண்டும், அதோடு உன் அளவு அந்தச் சின்னக் கைக்குப் பெரிதாக இருக்கும், பந்து வழுக்கும். அவளுக்கு அவள் கை அளவுக்கு ஒன்று வாங்கிக் கொடு.