உரசல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பம்பாயில் கட்டிய சுஹைலி படகில் 1968-69-இல் ஓர் ஆங்கிலேயர் எங்கும் கரை ஏறாமல் தனியாக உலகைச் சுற்றிவந்ததை எழுதியிருந்தீர்கள். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என் மகன் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். அவனுக்குத் தனி அறை உண்டு, சமைத்துப் போட ஆள் உண்டு, என்னோடு வாட்ஸ்அப்பில் பேசவும் முடிகிறது. அப்படியும் நாலு மாதம் போனால் “போதும்மா” என்கிறான். என் தாத்தா தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர். அதில் பத்துப் பேர் துணை இருக்கும். காற்று வாய்த்தால் ஓரிரு நாளில் கரை வந்துவிடும். 32 அடிப் படகில் ஒற்றை ஆள் பத்து மாதம் என்னதான் செய்வார்? பொழுது எப்படிப் போகும்? புத்தி பேதலித்துவிடாதா? “இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு” என்கிறான் மகன். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

செ., தூத்துக்குடி

அன்புள்ள அம்மா,

அந்தப் படகுகளில் பொழுது போதாது. நான் பெருங்கடல் கடந்தவன் அல்ல. கடலோடிகளின் குறிப்புகளைப் பல வருடங்களாகத் தேடிப் படித்துவருபவன். அவற்றில் புயல் வரும் பக்கங்கள் கொஞ்சம்தான். ஊசி, நூல், கயிறு, பம்பு, காயாத துணி, விட்டுவிட்டு வரும் தூக்கம், மிச்சமெல்லாம் இவைதான். படகு வாழ்க்கையை ஒரே சொல்லில் சொல் என்று கேட்டால் ‘உரசல்’ என்பேன்.

உங்கள் தாத்தாவின் தோணியில் கயிறு தேய்ந்தால் கொழும்பில் மாற்றிக்கொள்ளலாம். பெருங்கடலில் ஒரே பக்கத்துக் காற்று இருபது நாள்கூட அடிக்கும். பாயைத் தூக்கி நிறுத்தும் கயிறு, பாய்மரத்தின் உச்சிக் கப்பியில், அத்தனை நாளும் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கும். படகு ஆட ஆட நூல் நூலாகத் தேயும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் ஆட்டம்! அதனால் தினமும் அந்தக் கயிற்றை ஓரிரு அங்குலம் தளர்த்தியோ இழுத்தோ, அழுந்தும் இடத்தை மாற்றிவைப்பார்கள். அறுந்துபோனால் நடுக்கடலில் தனி ஆளாக மரம் ஏற வேண்டும். கீழே ஒரு சாண் ஆட்டம் என்றால் உச்சியில் அது பல முழம். காலையில் எழுந்ததும் தளத்தை ஒரு சுற்று நடந்து, எது எதோடு உரசுகிறது என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பதுதான் அங்கே முதல் வேலை.

புயல்தான் பாயைக் கிழிக்கும் என்று நினைக்கிறோம். புயலில் பாயைச் சுருக்கிக் கட்டிவிடலாம். காற்று செத்து அலை மட்டும் மிச்சமிருக்கும் நாளில் படகு இரண்டு பக்கமும் உருளும். காற்று நிரம்பாத பாய் ஒவ்வோர் உருளலுக்கும் படாரென்று அறையும். தையல் விட்டுப்போகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் இது நாள்கணக்கில் நடக்கும். கேட்டுக்கொண்டே இருப்பவரின் நரம்பும் பாயோடு சேர்ந்து தேயும். அப்போது உள்ளங்கையில் தோலுறை மாட்டி, தடித்த ஊசியை அதால் தள்ளித் தள்ளிப் பாய் தைத்துக்கொண்டிருப்பார்கள்.

சுஹைலியையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் போட்டிக்காக, 1968 ஜூன் 14-இல் இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கில் இறங்கும்போதே படகுக்குள் நீர் கசிந்தது. அதை ஓட்டிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் கடலில் இறங்கி, மூச்சடக்கி, படகின் அடிப்பக்கம் பலகை இடுக்கில் பஞ்சுத்திரி அடைத்தார். உங்கள் ஊரில் தோணியைக் கரையேற்றி, உட்கார்ந்து செய்யும் வேலை அது. செப்டம்பரில், ஆப்பிரிக்காவின் தென்முனைக்குக் கீழே, ஓர் அலை படகை அடித்துச் சாய்த்தது. தொட்டிகளில் இருந்த குடிநீர் கெட்டுப்போயிற்று. அதற்குப் பிறகு மழைதான் குடிநீர். பாயில் வழியும் மழையை அடியில் வாளி கட்டிப் பிடித்தார். முதல் வாளி உப்புக் கரிக்கும். பாயைக் கழுவிய நீர் அது. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். ரேடியோவும் போனது. ஆஸ்திரேலியாவை ஒட்டி, தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவியும் உடைந்தது. பாய்களையே கூட்டிக் குறைத்து, படகு தன் வழியில் தானே போகுமாறு வைத்து ஓட்டி வந்தார். 1969 ஏப்ரல் 22-இல் அதே ஃபால்மத். 312 நாட்கள்.

இப்போதும் இது மாறிவிடவில்லை. அந்தப் போட்டியின் நினைவாக, செயற்கைக்கோள் வழிகாட்டி இல்லாமல் நடத்தப்படும் 2022-23 பந்தயத்தில் நம் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டாமி இரண்டாவதாக வந்தார். 2018-இல் இதே பந்தயத்தில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு நொறுங்கி, மூன்று நாள் நகரக்கூட முடியாமல் படகில் கிடந்து மீட்கப்பட்டவர். இந்த முறை காற்றைப் பார்த்துச் சுக்கான் திருப்பும் கருவி பழுதாகிக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்யப் படகின் கழிவறைக் கதவை அறுத்து எடுத்துக்கொண்டார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறையும். ஒரு வீட்டையே கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, அந்த வீடு முன்னே நகர்வதற்குக் கொடுக்கிறார்.

தூக்கம் பற்றி: தொடுவானில் தெரியும் கப்பல் இருபது நிமிடத்தில் தலைக்கு மேல் வந்து நிற்கும். அதனால் கப்பல் பாதையில் தனி ஆள் இருபது நிமிடம் இருபது நிமிடமாகத்தான் தூங்க முடியும். படுக்கையின் ஓரத்தில் கித்தான் தடுப்பு இருக்கும், உருண்டு விழாமல். சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைக்கோஸ், டப்பா உணவு. டப்பாவில் ஒட்டிய காகிதத்தை முன்பே உரித்துவிட்டு, என்ன உணவு என்று மையால் எழுதிவைப்பார்கள். இல்லையென்றால் ஈரத்தில் காகிதம் ஊறி, அடியில் நீர் இறைக்கும் பம்பை அடைத்துவிடும்.

உப்பைச் சொல்லாமல் விட முடியாது. கடல்நீரில் நனைந்த துணி எத்தனை வெயிலிலும் முழுக்கக் காயாது; துணியில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் துணி மணிக்கட்டிலும் கழுத்திலும் தொடையிலும் உரசி உரசிப் புண்ணாகும். ஆறாத புண்.

ஆளுக்கு ஆள் உரசலும் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், இருவரும் கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபர் 2-இல் கோவாவிலிருந்து 56 அடி தாரிணி படகில் கிளம்பி, நான்கு துறைமுகங்களில் நின்று, 2025 மே 29-இல் திரும்பினார்கள். இடையில் தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்ன். இரண்டு பேர் என்றால் பேச்சுத்துணை என்று நினைக்கிறோம். ஒருவர் சுக்கானில் இருக்கும்போது மற்றவர் தூங்க வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே அரிது. தூக்கம் கெட்ட உடம்போடு, ஒரு சிறிய அறைக்குள், மற்றவர் மூடாமல் விட்ட ஒரு டப்பா எவ்வளவு பெரிதாகத் தெரியும்! குடும்பம் நடத்திய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கயிற்றுக்குச் செய்வதைத்தான் அங்கேயும் செய்ய வேண்டும்: தேய்வதற்கு முன்னால் சற்று இடம் மாறிக்கொள்வது.

புத்தி பேதலிக்காதா என்ற கேள்வியை லேசாகத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டனைப் புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும் மனநல மருத்துவர் பார்த்தார். இரண்டு முறையும் குறை ஏதும் இல்லை. அதே போட்டியில் 1968 அக்டோபர் 31-இல் இங்கிலாந்தின் டின்மத்திலிருந்து கிளம்பியவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். வீட்டையும் தொழிலையும் பணயம் வைத்தவர். படகு ஒழுகியது. மேலே போனால் மரணம், திரும்பினால் கடன். இரண்டும் இல்லாமல் தென் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றிவருவதாகப் பொய்யான இடங்களை ரேடியோவில் அனுப்பினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக விழ, இவர்தான் வேகமாக வந்தவர் என்றாகும் நிலை. திரும்பினால் அவருடைய குறிப்பேடுகளைப் பார்ப்பார்கள், பொய் தெரிந்துவிடும். 1969 ஜூலை 1-உடன் எழுத்து நின்றுவிட்டது. 10-ஆம் தேதி படகு மட்டும் கிடைத்தது, ஆள் இல்லாமல். தனிமை அவரைக் கொன்றது என்று சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைப் பல மாதம் தனக்குள்ளேயே வைத்திருந்தார். அது உள்ளே உரசிக்கொண்டே இருந்தது. போட்டியில் தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டை நாக்ஸ்-ஜான்ஸ்டன் அவருடைய குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

மகன் சொல்வதில் பாதி சரி. இன்றைய பந்தயப் படகுகளுக்கு நிறையப் பணம் வேண்டும். ஆனால் முதன்முதலில் தனியாக உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம் (1895-98) வயலில் உளுத்துக் கிடந்த ஒரு படகை 13 மாதம் உழைத்துத் தன் கையால் புதுப்பித்தார். செலவு 553 டாலர். குரோஹர்ஸ்ட்டோடு போட்டியிட்ட பெர்னார் முவாத்தேசியேயின் படகுக்குத் தந்திக் கம்பங்களே பாய்மரம்.

முன்பெல்லாம் பாய் உரசும் கம்பிகளில் பழங்கயிற்றைப் பிரித்து, புசுபுசுவென்று உருளையாகச் சுற்றிவைப்பார்கள். கிழிந்த கயிறு அப்போதும் ஒரு வேலைக்கு ஆகும். உங்கள் தாத்தாவின் தோணியில் பருமல், அதாவது பாயைத் தாங்கும் குறுக்குக் கழி, பாய்மரத்தோடு உரசும் இடத்தில் என்ன சுற்றுவார்கள்? தேங்காய்நாரா, சாக்கா, தோலா? அதற்கு உங்கள் வீட்டில் ஒரு பெயர் புழங்கியிருக்கும். பெரியவர்கள் யாரையாவது கேட்டு எனக்கு எழுதுங்கள் அம்மா.

அன்புடன்