ஒரே வாக்குறுதி, இரண்டு வேட்பாளர்கள்: எப்படிப் பிரிப்பது?

"இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் காணி விடுவிப்பு, பயங்கரவாதத் தடைச் சட்ட நீக்கம், நிறைவேற்று ஜனாதிபதி முறை ஒழிப்பு, வரிக்குறைப்பு என்று இரு வேட்பாளர்களும் ஒன்றையே சொல்கிறார்கள்" என்கிறீர்கள். தலைப்புகளை ஒப்பிடாதீர்கள், ஒவ்வொன்றையும் நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

1. படையினர் வசமுள்ள காணி: முப்படைத் தளபதியான ஜனாதிபதியே உத்தரவிடலாம். ஆகவே இதில்தான் கடுமையாகக் கேட்க வேண்டும்: எந்தக் கிராமம், எத்தனை ஏக்கர், எப்போது?

2. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்க நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒவ்வொரு வேட்பாளருடைய கட்சியும் இதுவரை எப்படி வாக்களித்தது என்பதை ஹன்சாட்டில் (நாடாளுமன்ற நடவடிக்கைப் பதிவேட்டில்) தேடுங்கள். மேடைப் பேச்சை விட அது நம்பகமானது.

3. நிறைவேற்று ஜனாதிபதி முறை ஒழிப்புக்கு நாடாளுமன்றத்தின் 225 பேரில் 150 பேரின் ஆதரவும் சர்வஜன வாக்கெடுப்பும் தேவை. ஆதரவு எங்கிருந்து வரும் என்று சொல்லாதவரின் வாக்குறுதியை நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.

வரியில் மட்டும் கவனம். 2019 டிசம்பரில் வற் வரி (பெறுமதி சேர் வரி) 15இலிருந்து 8 வீதமானது. அரசின் வருமானம் சரிந்தது. குறைப்பதாகச் சொல்பவர் அந்த இழப்பை எதனால் ஈடுசெய்வார் என்பதை விஞ்ஞாபனத்தில் தேடுங்கள்.

அப்போதும் இருவரும் சமமாகத் தெரிந்தால் 1, 2 என்று விருப்பு வாக்கு இடலாம். புள்ளடியும் (X) இலக்கமும் கலந்தால் வாக்கு நிராகரிக்கப்படும். உங்கள் முதல் தெரிவு முதலிரு இடங்களுக்குள் வந்துவிட்டால், இரண்டாம் விருப்பு எண்ணப்படாது.